டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாளா? கிறிஸ்தவத் திருநாள்களின் யூத வேரும் ரோமானிய வேரும்

ஒவ்வொரு டிசம்பரிலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுக்கு வரும். ‘டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை, ரோமானியச் சூரியக் கடவுளின் பிறந்தநாள். மித்ரனும் அன்றுதான் பிறந்தான். சாட்டர்னேலியா என்ற களியாட்டத்துக்குத்தான் சர்ச் கிறிஸ்துமஸ் என்று பெயர் மாற்றியது.’ மார்ச், ஏப்ரல் வந்தால் இதன் தம்பி வரும்: ‘ஈஸ்டர் என்பது பாபிலோனிய இஷ்தார் தேவதையின் பெயர், முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள்.’ இதை அனுப்புகிறவர்களில் பகுத்தறிவாளர் உண்டு, இந்து அமைப்பினர் உண்டு, கிறிஸ்துமஸ் கொண்டாடாத கிறிஸ்தவ சபையினரும் உண்டு. பதிலுக்கு ‘அத்தனையும் பொய்’ என்று இன்னொரு தரப்பு கிளம்பும்.

இந்தச் செய்திகளில் உண்மை கொஞ்சம், ஊகம் நிறைய, சுத்தக் கட்டுக்கதையும் உண்டு. ஆனால் பெரிய குறை வேறு. கிறிஸ்தவ ஆண்டின் முதுகெலும்பு யூத நாள்காட்டி. அதைப் பற்றி இவற்றில் ஒரு வரிகூட இருக்காது.

முதலில் மூன்று கேள்விகள்

ஒரு பண்டிகையின் வேரைத் தேடும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

1. நாள்: ஏன் அந்தத் தேதியில் வருகிறது?
2. பொருள்: எதை நினைவுகூர்கிறது?
3. வழக்கம்: அன்றைக்கு மக்கள் என்ன செய்கிறார்கள்?

மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஈஸ்டரின் நாள் யூதப் பௌர்ணமியை ஒட்டியது, பொருள் இயேசுவின் உயிர்த்தெழுதல், முட்டையோ இடைக்கால ஐரோப்பாவின் சமையலறைச் சரக்கு. ‘முட்டை வெளியிலிருந்து வந்தது, ஆகவே பண்டிகையே வெளியிலிருந்து வந்தது’ என்று தாவும் இடத்தில்தான் பெரும்பாலான வாதங்கள் சறுக்குகின்றன.

ஒரு சொல்லையும் தெளிவுபடுத்திவிடலாம். ‘புறச்சமயம்’ என்று இந்தக் கட்டுரையில் வருவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ரோமானிய, ஐரோப்பிய வழிபாடுகளை. அந்த மக்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதில்லை. அது கிறிஸ்தவர்கள் வைத்த பெயர்.

யூத ஆண்டு ஓடும் விதம்

யூதர்களின் மாதம் பிறையோடு தொடங்கும். ஆகவே மாதத்தின் 14, 15 என்றால் பௌர்ணமி. 12 சந்திர மாதங்கள் சேர்ந்தால் சுமார் 354 நாள், அதாவது சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. அப்படியே விட்டால் ரம்ஜானைப் போலப் பண்டிகைகள் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும். ஆனால் யூதர்களின் விடுதலைத் திருநாளான பாஸ்கா வசந்தத்தில்தான் வர வேண்டும் என்பது அவர்களுடைய வேதமான தோராவின் சட்டம். அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்க்கிறார்கள்.

யூத நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கும். திருநாளுக்கு முந்தின மாலையே திருநாளாகிவிடும் கிறிஸ்தவ வழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஏழு நாள் கொண்ட வாரமும் யூத வழியாகவே திருச்சபைக்குள் வந்தது.

ஞாயிறு ஆராதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. யூத ஓய்வுநாளுக்கு மறுநாள், வாரத்தின் முதல் நாளில், கிறிஸ்தவர்கள் கூடியதைப் புதிய ஏற்பாடே சொல்கிறது. கி.பி. 150 வாக்கில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், ‘சூரியனுடைய நாள் என்று அழைக்கப்படும் நாளில்’ கூடுவதாகக் கூச்சமில்லாமல் குறிப்பிடுகிறார். ரோமானியர் வைத்த பெயர் அது, நாம் ஞாயிறு என்பது போல. பிறகு 321 மார்ச் 7 அன்று பேரரசர் கான்ஸ்டன்டைன், ‘வணக்கத்துக்குரிய சூரியனின் நாளில்’ நீதிபதிகளும் நகரத்தாரும் கைவினைஞர்களும் ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். விவசாயிகளுக்கு மட்டும் விலக்கு. ஞாயிறு விடுமுறையாக மாறியது இந்தச் சட்டத்தால். ஞாயிறு வழிபாடு அதற்கு இருநூறு ஆண்டுக்கும் முந்தியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘கான்ஸ்டன்டைன்தான் ஞாயிறைக் கொண்டுவந்தார்’ என்று சொல்வது இன்னும் ஓயவில்லை.

பாஸ்கா: மையம் இதுதான்

விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 12-ஆம் அதிகாரத்தின்படி நீசான் மாதம் 14-ஆம் நாள் சாயங்காலம் ஆட்டுக்குட்டியை வெட்டி, அன்றிரவு புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய இரவின் நினைவு அது. எருசலேமில் ஆலயம் இருந்த காலத்தில் ஆட்டுக்குட்டிகள் அங்கேதான் வெட்டப்பட்டன. ஊரே யாத்திரிகர்களால் பிதுங்கும்.

இயேசு கொல்லப்பட்டது அந்த நெரிசலில். இதில் நான்கு நற்செய்திகளும் ஒத்துப்போகின்றன. நாள் கணக்கில்தான் ஒரு வித்தியாசம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இறுதி இராவுணவையே பாஸ்கா விருந்தாகச் சொல்கிறார்கள். யோவானோ, இயேசு இறந்தது பாஸ்காவுக்கு ஆயத்த நாளில், அதாவது ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நேரத்தில் என்கிறார். எதை எடுத்தாலும் பொருள் ஒன்றுதான். நற்செய்திகள் எழுதப்படுவதற்கு முன்பே, 50-களில், பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்துவை ‘பலியிடப்பட்ட நம் பாஸ்கா’ என்று சொல்லிவிட்டார்.

ஆக, ஈஸ்டரின் நாளும் பொருளும் யூத மண்ணில் முளைத்தவை. இஷ்தாருக்கு இதில் வேலையே இல்லை. ‘ஈஸ்டர்’ என்ற ஆங்கிலப் பெயர் யோஸ்ட்ரே என்ற தேவதையின் மாதத்திலிருந்து வந்தது என்று 725-இல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி ஒரே ஓரிடத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் தேவதையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்துச் சாட்சி அவ்வளவுதான். அது உண்மையாகவே இருக்கட்டும். அதற்குள் கிரேக்கரும் சிரியரும் லத்தீனியரும் இந்தத் திருநாளைப் பாஸ்கா என்று சொல்லி ஐந்நூறு ஆண்டுக்கு மேல் கொண்டாடி முடித்திருந்தார்கள்.

சரி, நாள் ஏன் மாறியது? சிறிய ஆசியாவின் (இன்றைய துருக்கி) சபைகள் நீசான் 14 எந்தக் கிழமையில் வந்தாலும் அன்றே பாஸ்கா கொண்டாடின. ரோம் அதை அடுத்து வரும் ஞாயிறுதான் என்றது. 155 வாக்கில் ஸ்மிர்னா ஆயர் பாலிகார்ப் ரோமுக்கே போய் அங்குள்ள ஆயர் அனிசெட்டசோடு பேசினார். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் சேர்ந்து நற்கருணை கொண்டாடிவிட்டுப் பிரிந்தார்கள். 190 வாக்கில் ரோமின் ஆயரான விக்டருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆசியச் சபைகளையே விலக்கிவைக்கப் பார்த்தார். எபேசு ஆயர் பாலிகிரேட்டஸ், ‘எங்கள் மண்ணில் அடக்கமாகியிருக்கும் பிலிப்பும் யோவானும் இப்படித்தான் கொண்டாடினார்கள்’ என்ற பொருளில் பதில் எழுதினார். லியோன் ஆயர் இரேனியஸ் நடுவில் புகுந்து விக்டரைத் தணித்தார்.

325-இல் ஆயர்கள் கூடிய நைசீயா சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கைப் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தது. சங்கத்துக்குப் பின் கான்ஸ்டன்டைன் சபைகளுக்கு அனுப்பிய கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பதிவுசெய்திருக்கிறார். யூதர்களோடு நமக்குப் பொதுவாக எதுவும் இருக்க வேண்டாம் என்பதே அதன் சாரம், தொனியும் கடுமை. ஏன் இவ்வளவு கடுமை என்றால், மக்கள் கேட்கவில்லை. 386-87-இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தம் தொடர்ந்து பிரசங்கம் செய்தது, யூதப் பண்டிகைகளுக்குப் போய்வந்த தன் சொந்த சபையாரைக் கண்டித்துத்தான். யூதர்களிடமிருந்து புளிப்பில்லா அப்பம் வாங்கக் கூடாது என்று லவோதிக்கேயா சங்கம் விதி போட வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் இருந்தால்தானே தடை வரும்.

அந்த நூற்றாண்டுகளின் ஆயர்களை எது உறுத்தியது என்று பார்த்தால், ரோமானியச் சாயலோடு யூத நெருக்கமும் சமமாக, சில இடங்களில் அதிகமாகவே, உறுத்தியிருக்கிறது. அதன் விளைவு நாள்காட்டியோடு நிற்கவில்லை. புனித வாரம் ஐரோப்பிய யூதர்களுக்குப் பல நூற்றாண்டு பயத்தின் வாரமாக இருந்தது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைக் குறித்து வந்த இழிசொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் எடுத்தது 1959-இல்தான்.

அப்புறம் இன்றைய விதி: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. இந்தப் பௌர்ணமி வானத்துப் பௌர்ணமி இல்லை, 19 ஆண்டுச் சுழற்சியில் போட்ட அட்டவணைப் பௌர்ணமி. இதனால் சில ஆண்டுகளில் விசித்திரம் நடக்கும். 2024-இல் யூதர்கள் அதிக மாதம் சேர்த்ததால் பாஸ்கா ஏப்ரல் 22 மாலை தொடங்கியது, மேற்கத்திய ஈஸ்டரோ மார்ச் 31 அன்றே முடிந்திருந்தது. பழைய ஜூலியன் நாள்காட்டியில் கணக்குப் போடும் ஆர்த்தடாக்ஸ் சபைகள் மே 5 அன்று கொண்டாடின.

கத்தோலிக்க ஆலயத்தில் பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு) போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களில் நேரத்தைக் கருதிச் சிலவற்றை விட்டுவிட அனுமதி உண்டு. இஸ்ரயேலர் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது என்பது விதி. நைசீயா தேதியைத்தான் பிரித்தது, பொருளை இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இப்போது சில சபைகள் யூதர்களின் பாஸ்கா இரவு விருந்தான ‘செதேரை’ அப்படியே நடத்தி, இயேசு செய்தது இதுவே என்கின்றன. நான்கு கிண்ணம் திராட்சரசம், வரிசையான கேள்வி பதில் என்று நாம் அறியும் செதேர் வடிவம், கி.பி. 70-இல் ஆலயம் இடிந்து பலி நின்றுபோன பிறகு ரபிகள் என்ற யூத ஆசான்களின் காலத்தில் உருவானது.

பெந்தெகொஸ்தேயும் வராமல்போன கூடாரத் திருவிழாவும்

பாஸ்காவை ஒட்டி முதல் கதிர்க்கட்டைக் காணிக்கையாக்கி, அங்கிருந்து 50 நாள் எண்ணினால் ‘ஷாவுவோத்’. கோதுமை அறுவடை விழா. புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்கள் படைக்க வேண்டும் என்கிறது லேவியர் 23. பிற்காலத்தில் சீனாய் மலையில் சட்டம் கொடுக்கப்பட்ட நாளாகவும் அது கொண்டாடப்பட்டது. எல்லா ஆண்களும் எருசலேமுக்கு வர வேண்டிய மூன்று விழாக்களில் ஒன்று. திருத்தூதர் பணிகள் 2-ஆம் அதிகாரத்தில் பார்த்தியர், மேதியர், எகிப்தியர் என்று பல நாட்டு யூதர்கள் ஒரே தெருவில் நிற்பதற்குக் காரணம் இதுதான். கிறிஸ்தவர்கள் தூய ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளாகக் கொண்டாடுவதும் அதே ஐம்பதாம் நாளை.

மூன்று யாத்திரை விழாக்களில் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதான கூடாரத் திருவிழா ஏன் வரவில்லை? இயேசுவின் வாழ்வில் பெரிய நிகழ்வு எதுவும் அந்த நாளோடு ஒட்டவில்லை என்பதே நேரான பதில். ஆனாலும் அதன் சாயல் ஒன்று தங்கிவிட்டது. கூடாரத் திருவிழாவில் பேரீச்ச ஓலையை அசைத்து, 118-ஆம் சங்கீதத்தைப் பாடி, ‘ஓசன்னா’ என்று முழங்குவார்கள். நம் ஊரில் ஓலை ஏந்தி ‘ஓசன்னா’ பாடும் குருத்தோலை ஞாயிறு எப்படி நடக்கிறது என்று பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்துமஸ்: இரண்டு கருதுகோள்கள்

இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை. முதல் இருநூறு ஆண்டுகளில் யாரும் அதைப் பெரிதாகக் கொண்டாடியதற்கும் சான்று இல்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்தையே 3-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஆரிஜென் நக்கல் செய்கிறார்: வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான், இருவருமே அன்று ஆளைக் கொன்றார்கள். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமெண்ட் அப்போது புழங்கிய தேதிகள் சிலவற்றைக் குறித்துவைத்தார். அவற்றில் ஏப்ரல் உண்டு, மே உண்டு. டிசம்பர் 25 இல்லை.

டிசம்பர் 25 உறுதியாகத் தென்படுவது ரோமில் 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டித் தொகுப்பில். அதன் ஒரு பகுதி ரோம் நகரத்தின் அரசு விழாக்கள். அங்கே டிசம்பர் 25-க்கு எதிரே ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேரோட்டங்கள்’ என்று சுருக்கெழுத்தில் இருக்கிறது. வேறொரு பகுதி இரத்தசாட்சிகளின் நினைவுநாள் பட்டியல். அதன் முதல் வரியே, அதே தேதியில், ‘யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்’. இந்தப் பட்டியலின் மூலம் 336-ஐச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே கையெழுத்துத் தொகுப்பில், ஒரே தேதிக்கு இரண்டு பிறந்தநாள். சண்டை அத்தனையும் இந்த இரண்டு வரிகளைப் பற்றியதுதான்.

1. சூரியக் கருதுகோள். 274-இல் பேரரசர் அவுரேலியன் ‘வெல்லப்படாத சூரியன்’ வழிபாட்டுக்கு ரோமில் புதிய கோயில் கட்டி, அர்ச்சகர் குழுவும் நியமித்தார். அந்த விழாவோடு போட்டி போடத் திருச்சபை டிசம்பர் 25-ஐ எடுத்துக்கொண்டது என்பது வாதம். 1743-இல் ஜெர்மன் அறிஞர் யப்லோன்ஸ்கி இதை முன்வைத்தார். பலவீனம் எங்கே என்றால், சூரிய விழா டிசம்பர் 25-இல் நடந்ததற்கான நேரடிச் சான்றும் அந்த 354 தொகுப்பைவிடப் பழையது இல்லை. யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

2. கணக்குக் கருதுகோள். இயேசு இறந்தது ரோமானியக் கணக்கில் மார்ச் 25 என்று கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் போன்றவர்கள் 200 வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். நிறைவான மனிதரின் ஆயுள் முழு ஆண்டுகளாக அமையும் என்ற நம்பிக்கை அக்காலத்தில் உண்டு. மோசே போன்ற நீதிமான்களின் நாள்களைக் கடவுள் நாளுக்கு நாள் நிறைவாக்குகிறார் என்று யூத ரபிகளின் நூலான தல்மூதும் பேசுகிறது. அப்படியானால் இயேசு கருவானதும் மார்ச் 25, அதோடு ஒன்பது மாதம் கூட்டினால் டிசம்பர் 25. கருவானதும் இறந்ததும் ஒரே நாள் என்று வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனும் எழுதியிருக்கிறார். மங்கள வார்த்தைத் திருநாள் (மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன நாள்) இன்றும் மார்ச் 25-இல்தான் வருகிறது. கிழக்கில் இறந்த நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள், அங்கே பிறப்பு ஜனவரி 6. ஆர்மீனியச் சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. 1889-இல் பிரெஞ்சு அறிஞர் துஷேன் இதை முறையாக எழுதினார். இதன் பலவீனம்: யூதச் சான்று பிறப்பையும் இறப்பையும் இணைக்கிறது, கருவானதை இல்லை. விழா வந்தபின் கண்டுபிடித்த நியாயமாகவும் இது இருக்கலாம்.

என் சாய்வு இரண்டாவது பக்கம். காரணம், ஜனவரி 6-ஐயும் சேர்த்து விளக்குவது அது ஒன்றுதான். ஆனாலும் சூரியனை முழுசாக வெளியே தள்ளிவிட முடியாது. ரோமானிய நாள்காட்டியில் சூரியன் திரும்பும் நாளாகக் கருதப்பட்டதே டிசம்பர் 25. 4-ஆம் நூற்றாண்டில் உண்மையான திருப்பம் சில நாள் முன்னதாகவே நடந்தாலும் பழைய தேதி நிலைத்துவிட்டது. பொங்கலை நாம் உத்தராயணத் தொடக்கம் என்கிறோம், வானத்தில் சூரியன் திரும்புவதோ டிசம்பர் 21, 22-இல், அதுபோல.

யோவான் ஸ்நானகரின் பிறப்பைப் பாருங்கள், இந்தச் சூரிய உணர்வு பளிச்சென்று தெரியும். லூக்காவின்படி அவர் இயேசுவைவிட ஆறு மாதம் மூத்தவர். ஆகவே அவருக்கு ஜூன், சூரியன் இறங்கத் தொடங்கும் காலம். ‘அவர் பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும்’ என்ற யோவானின் வாக்கையும் வளரும் பகல், குறையும் பகல் இரண்டையும் அகுஸ்தீன் சேர்த்துப் பிரசங்கித்தார். சரி, அது ஏன் ஜூன் 25 இல்லாமல் 24? ரோமானியர் தேதியை அடுத்த மாதத்தின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ‘ஜனவரி முதலுக்கு எட்டாம் நாள்’ என்பது டிசம்பர் 25. ‘ஜூலை முதலுக்கு எட்டாம் நாள்’ என்றால், ஜூனுக்கு 30 நாளே இருப்பதால், 24 ஆகிவிடுகிறது. திருநாள் தேதிகளைப் போட்டவர்கள் ரோமானிய நாள்காட்டியை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடையாது.

சூரியனும் அவ்வளவு சீக்கிரம் போய்விடவில்லை. 5-ஆம் நூற்றாண்டு நடுவில் திருத்தந்தை முதலாம் லியோ ஒரு கிறிஸ்துமஸ் மறையுரையில் திட்டித் தீர்க்கிறார்: புனித பேதுரு ஆலயத்துக்கு வருகிற கிறிஸ்தவர்கள் படியேறி மேலே போனதும், உள்ளே நுழையாமல், திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்குகிறார்களாம். வழக்கம் எப்படி ஒட்டிக்கொண்டே வரும் என்பதற்கு அந்தப் படிக்கட்டு போதும்.

மற்றதெல்லாம் வேகமாகக் கடக்கலாம். சாட்டர்னேலியா டிசம்பர் 17-இல் தொடங்கி, அதிகபட்சம் 23 வரை. மெழுகுவர்த்தியும் களிமண் பொம்மையும் பரிசாகக் கொடுத்த அந்த விழாவின் உற்சாகம் குளிர்காலக் கொண்டாட்டங்களில் தங்கியிருக்கலாம், தேதி அதிலிருந்து வரவில்லை. ரோமானியர் வழிபட்ட கடவுளான மித்ரன் பாறையிலிருந்து பிறப்பதாகச் சிற்பங்கள் காட்டுகின்றன. டிசம்பர் 25 என்று சொல்லும் பழைய ஆதாரம் எதுவுமில்லை. வடநாட்டு ‘யூல்’ விழா விஷயத்தில் கதை தலைகீழ்: 10-ஆம் நூற்றாண்டு நார்வே அரசர் ஹோகோன், யூல் விழாவைக் கிறிஸ்துமஸ் தேதிக்கு மாற்றினார் என்று ஐஸ்லாந்து வரலாற்றுக் கதைகள் சொல்கின்றன.

நிஜமாகவே ரோமிலிருந்து வந்தது

புறச்சமய விழாவின் மேல் கிறிஸ்தவ விழாவைப் போர்த்திய கதை உண்மையில் உண்டு. அது யாரும் ஃபார்வேர்டு செய்யாத இடத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 25 ரோமில் ‘ரொபிகாலியா’. கோதுமைப் பயிரில் துருநோய் விழாமல் இருக்க நாயைப் பலியிடும் நாள். விழாவின் பூசாரி நாயின் குடலையும் ஆட்டின் குடலையும் சாம்பிராணியோடும் மதுவோடும் நெருப்பில் இட்டதைக் கவிஞர் ஓவிட் வர்ணித்திருக்கிறார். சில நூற்றாண்டு கழித்து அதே ரோமில், அதே ஏப்ரல் 25-இல், பயிருக்காக மன்றாட்டுமாலை பாடியபடி ஒரு கிறிஸ்தவப் பவனி கிளம்புகிறது. நகருக்கு வெளியே மில்வியன் பாலம் வரை பாதைகூடப் பழையதேதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நாள் அதே, நோக்கம் அதே, நாய் மட்டும் இல்லை. ‘பெரிய மன்றாட்டு’ எனப்பட்ட இதை 1969 சீர்திருத்தத்தில் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்படிச் செய்வது கொள்கையாகவே எழுதப்பட்டதும் உண்டு. 601-இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி இங்கிலாந்துக்குப் போன மெல்லிட்டசுக்கு எழுதினார்: கோயில்களை இடிக்க வேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பீடம் வையுங்கள். மாடு வெட்டிப் பழகிய மக்கள், ஆலயத்தைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு, கடவுளுக்கு நன்றி சொல்லிச் சாப்பிடட்டும். பழகியது அனைத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட முடியாது என்பது அவருடைய நியாயம்.

நவம்பர் 1 இதில் சேராது என்றே நினைக்கிறேன். சகல புனிதர் திருநாள் கெல்டிக் மக்களின் சம்ஹைன் விழாவை மூடப் போட்டது என்பார்கள். ஆனால் கெல்டிக் அயர்லாந்தின் 800 வாக்கிலான திருநாள் பட்டியல், எல்லாப் புனிதர்களையும் ஏப்ரல் 20-இல் வைக்கிறது. சம்ஹைன் மண்ணிலேயே நவம்பர் 1 இல்லை என்றால், அதற்காகவே போட்ட தேதி என்று எப்படிச் சொல்வது? மறுநாள் நவம்பர் 2, நம் கல்லறைத் திருநாள், க்ளூனி மடத்து அதிபர் ஓதிலோ 11-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தன் மடங்களுக்குப் போட்ட கட்டளையிலிருந்து பரவியது.

முட்டை, முயல், மரம்

1. முட்டை: இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கு. கோழிக்கு அது தெரியாது. நாற்பது நாளில் சேர்ந்த முட்டை ஈஸ்டருக்குத்தான் வெளியே வரும்.
2. முயல்: ஈஸ்டர் முயலைப் பற்றித் தெளிவாகப் பேசும் 1682-ஆம் ஆண்டு ஜெர்மன் மருத்துவர் ஒருவரின் எழுத்து, குழந்தைகளுக்குச் சொல்லும் கதையாகவே அதைக் குறிப்பிடுகிறது.
3. மரம்: 1605-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று, ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்ட மரங்களைச் சொல்கிறது. கிறிஸ்துமஸ் மரத்துக்கு எதிராகச் சிலர் காட்டும் எரேமியா 10-ஆம் அதிகாரம் கண்டிப்பது மரத்தைச் செதுக்கிச் செய்த சிலையை.

நம் பக்கத்தில்

கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழன் இரவு ‘பெசகா அப்பம்’ உண்டு. அரிசி மாவும் உளுந்தும் சேர்த்து, கள்ளோ ஈஸ்டோ போடாமல் வேகவைத்து, குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் சிலுவை செய்து மேலே வைப்பார்கள். ஜெபம் முடிந்து குடும்பத் தலைவர் வெட்டி, மூத்தவரிலிருந்து ஆரம்பித்துக் கொடுப்பார். தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும். புளிப்பில்லா அப்பம், வீட்டுக்குள் விருந்து, தகப்பன் பகிர்வது என்று யூதப் பாஸ்காவின் சட்டகம் முழுசாக இருக்கிறது, அரிசி மாவில்.

முதலில் சொன்ன மூன்று கேள்விகளை வேளாங்கண்ணியில் வைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 8 என்ற நாள் கிழக்குத் திருச்சபையிலிருந்து ரோமுக்கு வந்தது. மரியாளின் பிறப்பு என்ற பொருளும், யோவாக்கீம், அன்னாள் என்ற பெற்றோரின் பெயர்களும் வேதாகமத்தில் இல்லாத 2-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து வந்தவை. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், தேர்பவனி, காவி உடுத்திய நடைபயணம், மொட்டை எல்லாம் நம் கோயில் திருவிழாக்களின் வழக்கம். இதைப் பார்த்து அது இந்துப் பண்டிகை என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. மரத்தையும் முட்டையையும் பார்த்து மட்டும் ஏனோ அந்த முடிவுக்குத் தாவிவிடுகிறோம்.

குற்றச்சாட்டின் சொந்த ஊர்

‘இதெல்லாம் புறச்சமயம்’ என்ற வாதத்தை நாத்திகர்கள் தொடங்கவில்லை. சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் ரோமுக்கு எதிராகத் தீட்டிய ஆயுதம் அது. 1647-இல் பியூரிட்டன்கள் என்ற தீவிரச் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கையிலிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் இரண்டையும் ஒழித்து ஆணை போட்டது. 1659-இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றது, 1681-இல்தான் அதை விலக்கிக்கொண்டது.

இஷ்தாரை ஈஸ்டரோடு முடிச்சுப்போட்டுப் பிரபலமாக்கியவர் அலெக்சாண்டர் ஹிஸ்லப் என்ற ஸ்காட்லாந்துப் போதகர். 1853-இல் சிறு பிரசுரமாகவும் 1858-இல் விரித்தும் வெளியிட்ட நூலில், கத்தோலிக்க வழிபாடு முழுவதும் பாபிலோனின் நிம்ரோதையும் அவன் மனைவியையும் கும்பிடுவதே என்று நிறுவப் பார்த்தார். ஒலி ஒத்த பெயர்களை இணைப்பதுதான் அவருடைய முறை. பிற்கால ஆய்வு அதில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டது. ஆனால் கிறிஸ்துமஸைக் கைவிட்ட சபைகளின் பிரசுரங்கள் வழியாக அவர் வாதங்கள் ஊர் ஊராகப் போயின. யெகோவாவின் சாட்சிகளின் நியூயார்க் தலைமையகத்தில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடியது 1926-இல்.

அந்தப் பிரசுரங்களின் வரிகள்தான் இன்று தமிழில், ‘கிறிஸ்தவர்கள் மறைக்கும் உண்மை’ என்ற தலைப்போடு வருகின்றன. அனுப்புகிறவர் பெரியாரிஸ்டாகவோ இந்து அமைப்புக்காரராகவோ இருக்கலாம். எழுதியவரோ, கத்தோலிக்கர்கள் போதுமான அளவு கிறிஸ்தவர்களாக இல்லை என்று கோபப்பட்ட ஒரு புராட்டஸ்டன்ட் போதகர்.